கியர் எண்ணெயும் ஒரு நாள் கூலியும்

(தோட்டக் கிளையின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இன்றைய பேச்சின் பொருள் ஸ்கூட்டரின் கியர் எண்ணெய் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியபோதே சிலர் சிரித்தார்கள். "சங்கக் கூட்டத்தில் சம்பளம் பேசுவார்கள், போனஸ் பேசுவார்கள், வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பேசுவார்கள். எண்ணெய் பேசுவது புதிதாக இருக்கிறதே!" என்றார்கள். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. ஆனால் நாம் இன்று பேசப்போவதும் சம்பளத்தைப் பற்றித்தான். கைக்கு வரும் சம்பளத்தைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். கையை விட்டுப் போகும் சம்பளத்தைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

வண்டி இல்லையேல் வேலை இல்லை

நம் பெற்றோர் காலத்தில் லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடந்தே போனார்கள். பெரட்டு முடிந்ததும் நிரைக்கும் நடந்தே போனார்கள். இன்று நிலைமை அப்படியா இருக்கிறது? பல தோட்டங்களில் பால்மரம் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிவிட்டன. வீடு ஓரிடம், பால்மரம் வேறிடம் என்று ஆகிவிட்டது. இடையிலுள்ள தூரத்தைக் கடக்க நமக்கு வாய்த்த கால் இந்த இரண்டு சக்கர வண்டிதான்.

பால்வெட்டு எந்த நேரத்து வேலை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடிவதற்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதே மரம், அதே கத்தி, அதே கைதான். ஆனால் இரண்டு மணி நேரம் தாமதித்து வெட்டினால் மங்கில் பால் குறைகிறது. வழியில் வண்டி நின்றுவிட்டால் அன்றைய பாலும் அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள்.

கணக்கு எழுதும் பழக்கத்தால் ஒரு கணக்கைச் சொல்கிறோம். 2025 பிப்ரவரி 1 முதல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆயிற்று. அதை 26 வேலை நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. இரண்டு நாள் போனால் 130 வெள்ளி 76 காசு. மூன்று நாள் போனால் 196 வெள்ளி 14 காசு. பட்டறைக்காரர் கேட்கும் தொகை இதற்கு மேல். கால் லிட்டர் எண்ணெயைப் பார்க்காமல் விட்டதற்கு இத்தனை வெள்ளி கொடுப்பது என்ன நியாயம்?

எந்த எண்ணெய்?

சென்ற மாதம் இந்தப் பொருளைப் பற்றிப் பேச்செடுத்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, பெட்ரோல் ஊத்துறப்பவே கூட எண்ணெயும் ஊத்திக் குலுக்கித்தானே ஓட்டுறோம். பின்ன எதுக்கு இன்னொரு எண்ணெய்?"

நல்ல கேள்வி. பலருடைய மனத்திலும் உள்ள கேள்வி. ஆகவே முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

பழைய வெஸ்பா, லாம்பிரெட்டா முதலியவை இரண்டடி என்ஜின் வண்டிகள். பெட்ரோலுடன் நாம் கலக்கும் டூ-டி எண்ணெய், பிஸ்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளுக்கும் போகிறது. அங்கே தன் வேலையைச் செய்து, பெட்ரோலோடு எரிந்து, புகையாக வெளியே போய்விடுகிறது. ஆகவேதான் அதை ஒவ்வொரு முறையும் ஊற்றவேண்டும். கியர் எண்ணெய் அப்படிப்பட்டதன்று. அது தனி அறையில், மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அது எரிவதில்லை, செலவாவதில்லை. பெட்ரோலோடு கலக்கும் எண்ணெயில் ஒரு துளிகூட அந்த அறைக்குப் போகாது. போனால் அது நோயின் அடையாளம். அதைப் பின்னர் சொல்கிறோம்.

பி.எக்ஸ். வகை வெஸ்பாக்கள் சிலவற்றில் டூ-டி எண்ணெய்க்கென்றே இருக்கைக்கு அடியில் தனித் தொட்டி உண்டு. அதன் அளவைக் காட்ட ஒரு சிறிய கண்ணாடியும் உண்டு. அந்தக் கண்ணாடியில் எண்ணெய் தெரிவதைப் பார்த்து "கியர் எண்ணெய் நிறைய இருக்கிறது" என்று நம்பி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்கும் கியர்ப்பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

கப்சாய் ஓட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். மூடியைத் திருகி எடுத்தால் அதிலுள்ள குச்சியிலேயே அளவு தெரிந்துவிடும். கப்சாயிலிருந்து ஸ்கூட்டருக்கு மாறியவர்கள் அதே நினைப்பில் இருந்துவிடுகிறார்கள். பழைய வெஸ்பாவின் கியர்ப்பெட்டிக்கு அந்தக் குச்சி கிடையாது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

வெஸ்பாவை 1946 இல் இத்தாலி நாட்டில் பியாஜியோ நிறுவனம் வெளியிட்டது. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். சங்கிலியும் அதன் அழுக்கும் வேண்டாம் என்று கருதி, என்ஜினைப் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டார். என்ஜினின் ஓட்டம் கிளட்ச் வழியாகக் கியர்ப் பற்களுக்குப் போகிறது. பற்களிலிருந்து நேரே சக்கரத்தின் அச்சுக்குப் போகிறது. இடையில் சங்கிலியும் இல்லை, வாரும் இல்லை.

இந்த அமைப்பில் கியர்ப்பெட்டி எண்ணெயை மேலே ஏற்றிக் கொடுக்கப் பம்பு எதுவும் இல்லை. பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. சுழலும் பற்கள் அதில் முங்கி எழுந்து, எண்ணெயை வாரி மேலே இறைக்கின்றன. கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் நனைந்து ஓடுகின்றன. பற்கள் ஒன்றையொன்று கடிக்காமல் காப்பதும் அதுவே; சூட்டை எடுத்துப் பெட்டியின் சுவருக்குக் கடத்துவதும் அதுவே. எண்ணெய் மட்டம் இறங்கினால் பற்கள் முங்காது. முங்காத பல் எண்ணெயை இறைக்காது. அப்போது இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசுகின்றன.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. ஓடும்போது பிஸ்டன் இறுகிவிட்டால் கிளட்சைப் பிடித்ததும் சக்கரம் விடுபட்டுவிடும். பழைய ஓட்டிகள் இதை அறிவார்கள். ஆனால் கியர்ப்பெட்டி கிளட்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அது இறுகினால் கிளட்சைப் பிடித்தும் பயனில்லை. பின்சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும். செம்மண் சாலையில், மழை பெய்த மறுநாள் காலையில், இருட்டில் அப்படி ஆனால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ இழப்பீடு உண்டு. அந்த உரிமையை நாம் விடலாகாது. ஆனால் சொக்சோ வெள்ளியைத்தான் கொடுக்கும். முறிந்த காலைப் பழையபடி ஆக்கித் தராது.

பால்வெட்டுக்காரருக்கு அளவு சொல்லித் தரவேண்டுமா?

வெஸ்பாவின் கியர்ப்பெட்டிக்கு வேண்டியது 250 மில்லிலிட்டர். அதாவது கால் லிட்டர். லாம்பிரெட்டாவில் சங்கிலி எண்ணெய்க்குள்ளேயே ஓடுவதால் அதற்கு ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் வேண்டும். "ஸ்கூட்டர் எல்லாம் ஸ்கூட்டர்தானே" என்று ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு ஊற்றலாகாது.

அளவு என்பது நமக்குப் புதிதா? பட்டையை வெட்டும்போது கத்தி மேலாகப் போனால் பால்குழாய் அறுபடாது, பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழுந்து, புதுப்பட்டை முடிச்சும் முண்டுமாக வளரும். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பட்டையை விட்டு, கண்ணால் காணாத அந்த இடத்தில் கத்தியை நிறுத்துகிறீர்கள். அதுவும் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில்! அந்தக் கைக்கு ஒரு திருகாணியைக் கழற்றி எண்ணெய் மட்டம் பார்ப்பது பெரிய காரியமா?

ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நாம் எல்லோரும் கண்ணை அகல விரித்துப் பார்க்கிறோம். தராசு சரியா, மெட்ரோலாக் காட்டும் எண்ணைச் சரியாகப் படித்தார்களா என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், அது நம் கூலி. அதே கண்ணை நம் வண்டியின் மீதும் மாதம் ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்தது.

பார்க்கும் முறை

பழைய வெஸ்பாவில் மட்டம் பார்ப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது: வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சிமிட்டித் தரையாக இருந்தால் நல்லது. இப்போதுதான் ஓட்டி வந்தீர்கள் என்றால் பத்து நிமிடம் ஓய விடுங்கள். மேலே இறைபட்ட எண்ணெய் அடிக்கு இறங்கவேண்டும்.

இரண்டாவது: வண்டி ஒரு பக்கமும் சாயாமல் நேராக நிற்கவேண்டும். ஒருவர் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பார்ப்பது உத்தமம். சாய்த்து வைத்துப் பார்த்தால் குறைந்தது நிறைந்ததாகத் தெரியும். நிறைந்தது குறைந்ததாகத் தெரியும்.

மூன்றாவது: கியர்ப்பெட்டியின் பக்கத்தில் எண்ணெய் ஊற்றும் துளையின் திருகாணி இருக்கிறது. பெட்டியின் வார்ப்பில் இத்தாலிய மொழியில் 'ஒலியோ' என்று பொறித்திருக்கும். அதன் பொருள் எண்ணெய். கழற்றுவதற்கு முன் அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் அது பற்களுக்கு இடையே அரம் போல் வேலை செய்யும்.

நான்காவது: திருகாணியை எடுத்ததும் துளையின் கீழ்விளிம்பைப் பாருங்கள். எண்ணெய் அந்த விளிம்பைத் தொட்டு நிற்கவேண்டும். அதுவே சரியான மட்டம். விளிம்புக்குக் கீழே இருந்தால், குழாய் வைத்த பிழிபோத்தலால் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எண்ணெய் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். வழிவது தானாக நின்றதும் திருகாணியை மூடிவிடுங்கள்.

ஐந்தாவது: திருகாணியை அளவோடு இறுக்குங்கள். பெட்டி அலுமினிய வார்ப்பு, மென்மையானது. பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால் மரை அழிந்துபோகும். பிறகு எந்நாளும் ஒழுக்குதான்.

இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். கருவி என்று பார்த்தால் ஒரு திருப்புளி அல்லது சாவி, ஒரு துணி, ஒரு பிழிபோத்தல், அவ்வளவே.

குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று?

கியர் எண்ணெய் செலவாவதில்லை என்றோம். அப்படியானால் மட்டம் குறைந்திருந்தால் அது எங்கேயோ போயிருக்கிறது. ஊற்றி நிரப்பிவிட்டுப் போனால் காரியம் முடிந்ததாகாது. எந்த வழியாகப் போயிற்று என்று பார்க்கவேண்டும். வழிகள் முக்கியமாக மூன்று.

முதல் வழி, அடியிலுள்ள வடிகால் திருகாணியும் கிளட்ச் மூடியும். காலையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு கிடந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் வாஷரை மாற்றினால் சரியாகிவிடும். வடிகாலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுவது நல்ல வழக்கம்.

இரண்டாம் வழி, பின்சக்கர அச்சின் எண்ணெய் சீல். இது தேய்ந்தால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். பிரேக் பட்டை எண்ணெயில் ஊறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாகவும் தூசி அப்பியும் இருந்தால் அன்றே கவனியுங்கள். வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓடுவதில் குறை தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும்.

மூன்றாம் வழி கண்ணுக்கே தெரியாதது. கியர்ப்பெட்டிக்கும் என்ஜினின் உள்ளறைக்கும் நடுவே கிராங்க் அச்சில் ஒரு சீல் இருக்கிறது. அது கெட்டால், என்ஜின் உறிஞ்சும் வேகத்தில் கியர் எண்ணெயையும் உள்ளே இழுத்து எரித்துவிடும். தரையில் ஒரு சொட்டும் இராது. ஆனால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். வழக்கத்துக்கு மீறி அடர்ந்த புகை வரும். என்ஜின் சூடேறிய பிறகும் குறையாது. "டூ-டி கூடிவிட்டது போலிருக்கிறது" என்று கலவையைக் குறைப்பவர்கள் இரட்டைக் கேட்டைத் தேடிக்கொள்கிறார்கள். பிஸ்டனுக்கு எண்ணெய் குறைகிறது, கியரும் காய்கிறது.

நம் தொழிலோடு ஒட்டிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லலாம். நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் பருத்து இளகிவிடும். ஆகவே இத்தகைய சீல்களை எண்ணெய் தாங்கக்கூடிய நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதுவும் சூட்டிலும் வயதிலும் விறைத்துக் கெட்டியாகும். பழைய வண்டியில் சீல் கெடுவது இயற்கை. அதைச் சொல்லும் தூதுவன்தான் எண்ணெய் மட்டம்.

கூடினாலும் கேடு

"கொஞ்சம் கூடவே இருக்கட்டுமே, நல்லதுதானே" என்று சொல்வார்கள். அது நல்லதன்று. பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிகிறது. மூச்சுத்துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளிவரும். சீல்களைத் தள்ளிக்கொண்டு பிரேக் பக்கமும் போகும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பால்வெட்டுத் தோழர் தம் வெஸ்பாவை எண்ணெய் மாற்றக் கொடுத்தார். பட்டறையில் வண்டியைச் சாய்த்து வைத்து, போத்தலில் இருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றிக் கொடுத்தார்கள். "காசு கொடுத்த எண்ணெய், மிச்சம் வைப்பானேன்" என்ற எண்ணம் போலும். பத்து நாளுக்குள் பின்சக்கரம் நனைந்தது. ஸ்டோர் மேட்டிலிருந்து இறங்கும்போது பின்பிரேக் பிடிக்கவில்லை. நல்லவேளையாக முன்பிரேக் காப்பாற்றியது. ஆனால் வண்டி மூன்று நாள் பட்டறையில் கிடந்தது. அவரும் மூன்று நாள் பெரட்டுக்கு வரவில்லை. மூன்று நாளின் கணக்கைத்தான் முதலிலேயே சொன்னோமே!

மற்றொன்று. யாரும் ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் அதை இலாபம் என்று எண்ணாதீர்கள். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், முன் சொன்ன கிராங்க் சீல் வழியாகப் பெட்ரோல் கியர்ப்பெட்டிக்குள் கசிகிறது என்று பொருள். பெட்ரோல் கலந்த எண்ணெய் தண்ணீர் போல் இளகிவிடும், பல்லைக் காக்காது. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் வண்டியை இறக்கியவர்கள், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி என்ஜினைக் கழுவுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இரண்டிலும் எண்ணெய் முழுவதையும் வடித்து மாற்றுவதே வழி.

எண்ணைப் பார்த்து வாங்குவோம்

வெஸ்பாவுக்குக் கையேடு சொல்வது எஸ்.ஏ.இ. 30. கடையில் கேட்டால், "கியருக்குத்தானே? இதோ 90" என்று ஒரு போத்தலை நீட்டுவார்கள். அங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. என்ஜின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோல். கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோல். என்ஜின் அளவுகோலில் 30 என்பது கியர் அளவுகோலில் ஏறத்தாழ 80 இன் கெட்டித்தன்மை. எண் பெரிதாயிருப்பதால் பன்மடங்கு கெட்டி என்று எண்ணலாகாது. அதுபோலவே, கார் கியருக்கென்று விற்கும் எண்ணெயெல்லாம் நம் வண்டிக்கு ஆகாது. அதில் சேர்க்கும் சில மருந்துகள் பித்தளை, வெண்கல உறுப்புகளை அரிக்கக்கூடும்.

கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில் ஓடுகின்றன என்பதை மறக்கவேண்டாம். காருக்கான சில எண்ணெய்களில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக வழுக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மேட்டில் என்ஜின் இரையும், வண்டி ஏறாது. நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்ட, மோட்டார் சைக்கிள் எண்ணெய்ப் போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற குறி இருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம்.

தானியங்கி வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கு

"இதெல்லாம் தாத்தா காலத்து வெஸ்பா கதை. எங்கள் வண்டியில் கியரே இல்லையே!" என்று பின்வரிசையில் இளைஞர்கள் நினைப்பது தெரிகிறது. தம்பிகளே, தங்கைகளே, உங்கள் வண்டியிலும் கியர் எண்ணெய் உண்டு. கியர் மாற்றும் வேலையை ஒரு வார் செய்கிறது. ஆனால் வாருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே சில பற்சக்கரங்கள் ஒரு சிறு பெட்டியில் இருக்கின்றன. சிறிய வண்டிகளில் அந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் 100 முதல் 150 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். அதன் அளவையும் வகையையும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. எண்ணெய் இவ்வளவு சிறிதாக இருப்பதால் 50 மில்லிலிட்டர் ஒழுகினாலே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போயிற்று.

இந்த வண்டிகளில் வடிகால் இரண்டு: ஒன்று என்ஜினுக்கு, மற்றொன்று கியருக்கு. என்ஜின் எண்ணெயை மாற்றினால் கியர் எண்ணெயும் மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வடித்துவிட்டால் ஒரு பெட்டி காலி. மற்றொரு பெட்டியில் இரட்டிப்பு. சில வண்டிகளில் மட்டம் பார்க்கத் தனித் திருகாணி உண்டு. அது இல்லாத வண்டியில் முழுவதையும் வடித்துவிட்டு அளந்து ஊற்றுவதுதான் முறை. பின்பக்கத்திலிருந்து 'ஊ' என்று ஓர் ஊளைச் சத்தம் வேகத்தோடு கூடிக் குறைந்தால், கியர் எண்ணெயையும் சக்கரத்தின் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் கேட்கவேண்டியவை

புது வண்டிக்கும், கியர்ப்பெட்டியைப் பிரித்துச் சேர்த்த வண்டிக்கும் முதல் 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றுவது நல்லது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத்தூள் அப்போதே வெளியேறிவிடும். அதன்பின் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றலாம்.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் உழைத்துப் பிழைப்பவர்களே. ஆனால் நமது பொருளைப் பற்றி நாம் கேட்கவேண்டும். மூன்று கேள்விகள் போதும். எத்தனை மில்லிலிட்டர் ஊற்றினீர்கள்? எந்த எண் எண்ணெய்? வடித்த எண்ணெய் எங்கே, காட்டுங்கள். வடித்த எண்ணெயை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். மைபோன்ற நுண்தூள் இருப்பது வழக்கம். கையில் குத்தும் செதில் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, வண்டியை ஓட்டாதீர்கள்.

வடித்த எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் மாற்றுபவர்கள் அதைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டலாகாது. 2005 ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய மசகெண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவாகும். மூடிய கலத்தில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்கவேண்டும். பால்வாளியில் மட்டும் எக்காரணம் கொண்டும் வடிக்காதீர்கள். எண்ணெய் பட்ட வாளி பாலைக் கெடுக்கும். எண்ணெய் எடுத்த மங்கும் திரும்ப மரத்துக்குப் போகலாகாது.

நாம் சேர்ந்து செய்யக்கூடியது

தோழர்களே, தனியாகச் செய்ய நினைத்தால் இது தள்ளித் தள்ளிப் போகும். ஒருவர் வண்டியைப் பிடிக்கவேண்டும், மற்றொருவர் பார்க்கவேண்டும் என்று சொன்னோம் அல்லவா? இந்த வேலை இரண்டு பேரைக் கேட்கிறது. ஆகவே கிளையின் சார்பில் ஒரு யோசனையை முன்வைக்கிறோம்.

சம்பளம் போட்ட பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கக் கொட்டகையின் சிமிட்டித் தரையில் கூடுவோம். மில்லிலிட்டர் கோடிட்ட அளவுக்கோப்பை ஒன்று, பிழிபோத்தல் ஒன்று, சாவிகள், பலவகை வாஷர்கள் ஆகியவற்றைக் கிளை வாங்கி வைக்கும். கைவேலை தெரிந்த தோழர்கள் தெரியாதவர்களுக்குக் காட்டட்டும். வண்டி ஓட்டும் தாய்மார்களும் தயங்காமல் வரவேண்டும். திருகாணிக்கு ஆண் கை, பெண் கை என்ற வேற்றுமை தெரியாது.

கிராணிமார்களாகிய நாங்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கிறோம். தேதி, வண்டியின் வகை, ஓடிய கிலோமீட்டர், மட்டம் சரியா, குறைவா, கூடுதலா, எவ்வளவு ஊற்றப்பட்டது என்று எழுதுவோம். இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே வண்டிக்குக் குறைவு என்று எழுதவேண்டி வந்தால், சீல் போகிறது என்று ஏடே சொல்லிவிடும். பெட்டி இறுகுவதற்கு முன்பே, விடுமுறை நாள் பார்த்து, சீலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தோட்டத்துக்காக எத்தனையோ பேரேடுகளை எழுதும் கை, நமக்காகவும் ஓர் ஏடு எழுதட்டுமே!

கூலி உயரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கேட்டுக்கொண்டே இருப்போம். பெற்ற கூலி செம்மண் சாலையில் சொட்டுச் சொட்டாய் ஒழுகிப் போகாமல் காப்பது நம் பொறுப்பு. அடுத்த மாத முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டிகளுடன் வாருங்கள். பழைய துணி ஒன்றும் கையோடு கொண்டு வாருங்கள்.